இல்லாதவற்றால் அறிமுகமான நாடு

2025 ஜூன் மாதத்தின் நடுப்பகுதியில் ஐஸ்லாந்தின் கெஃப்ளவிக் விமான நிலையத்தில் இறங்கியபோது, என் கடவுச்சீட்டைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. விமானத்தை விட்டு வெளியே வந்து, மரப்பலகை பாவிய நீண்ட நடைவழியில் கூட்டத்தோடு நடந்து, பெட்டிகள் சுற்றி வரும் கூடத்தை அடைந்து, அங்கிருந்து கண்ணாடிக் கதவைக் கடந்தால் வெளியே குளிர்காற்று. அட்லாண்டிக் பெருங்கடலில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தீவுக்குள் நுழையப்போகிறோம் என்ற நினைப்பில், அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடைகளை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த எனக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. காரணம் எளிது. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை என்றாலும் 2001ஆம் ஆண்டு முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. ஆகவே என் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது விமானம் மாறிய ஃபிராங்க்ஃபர்ட்டில். சட்டப்படி பார்த்தால் நான் ஐஸ்லாந்துக்குள் நுழைந்த வாசல் ஜெர்மனியில் இருந்தது.

பின்னர் யோசித்துப் பார்க்கையில், அந்த முதல் நாளும் அதையொட்டிய சில நாட்களும் எனக்குத் தந்த எண்ணங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையாகவே இருந்தன. இருக்கும் என்று எண்ணிய ஏதோ ஒன்று, இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பனியாறு, அருவி, கரிய கடற்கரை என்று படங்களில் கண்டவை யாவும் பயணத்தின் பிற்பகுதியில் வந்தன. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஏராளமானோர் இருக்கிறார்கள். அங்கே எனக்குத் தட்டுப்படாதவற்றைப் பற்றியும், அவை ஏன் இல்லை என்று கேட்டும் படித்தும் அறிந்தவற்றைப் பற்றியும் எழுதுவதே என் விருப்பம்.

விமான நிலையத்தில் வரிசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வருகைக் கூடத்தின் வரியில்லாக் கடையில் நல்ல நீளமான வரிசை இருந்தது. சுற்றுலாப் பயணிகள் தங்கள் பெட்டிக்காகக் காத்து நிற்க, ஊர் திரும்பிய ஐஸ்லாந்துக்காரர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு நேரே பீர் அடுக்குகளை நோக்கிச் சென்றார்கள். அவர்களுடைய வேகத்தில் அவசரம் தெரியவில்லை, பழக்கம் தெரிந்தது. நாட்டுக்குள் சில்லறை மது விற்பனை பெரும்பாலும் அரசுக் கடைகளின் கையில் இருக்கிறது, வரியும் கடுமையானது. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1915இல் ஐஸ்லாந்து மதுவை முழுமையாகத் தடை செய்தது. சில ஆண்டுகளில் ஸ்பெயின் நாடு, தன் திராட்சை மதுவை வாங்காவிட்டால் ஐஸ்லாந்தின் உப்பிட்ட மீனைத் தான் வாங்கப்போவதில்லை என்று கூறிவிட்டது. மீனை நம்பிப் பிழைத்த நாடு 1922இல் திராட்சை மதுவுக்கு வழிவிட்டது. 1935இல் வடித்த மதுவகைகளும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் பீர் மட்டும் 1989 மார்ச் 1ஆம் தேதி வரை தடையிலேயே இருந்தது. விலை குறைந்த பானம் என்பதால் மக்கள் அளவு மீறுவார்கள் என்பது வாதம். கடுமையான மதுவை அனுமதித்து மென்மையானதைத் தடுத்து வைத்த அந்தத் தர்க்கத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன்; அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கெஃப்ளவிக்கிலிருந்து தலைநகர் ரெய்க்யவிக்குக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து வெளியே பார்த்த முதல் சில நிமிடங்களில் என் கண் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. எதைத் தேடுகிறது என்பது சிறிது நேரம் கழித்தே விளங்கியது. மரம் இல்லை. ஒரு மரம்கூட இல்லை. சாலையின் இருபுறமும் கரிய எரிமலைக் குழம்பு உறைந்து, உடைந்து, குவிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரவிக் கிடந்தது. அதன்மேல் சாம்பல் கலந்த பச்சையில் தடித்த பாசி. உயரமாக எதுவும் நிற்காத அந்தச் சமவெளியில் தொலைவை அளப்பதற்குக் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைப்பதில்லை. அருகில் இருப்பதாகத் தோன்றிய குன்று, பேருந்து எவ்வளவு ஓடினாலும் அருகில் வருவதில்லை. நிலவுக்குச் செல்லவிருந்த அப்போலோ விண்வெளி வீரர்களை 1965ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் நிலவியல் பயிற்சிக்காக இந்த நாட்டுக்கு அழைத்து வந்தார்கள் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். அவர்கள் பயின்றது உள்நாட்டு மேட்டுநிலங்களில். எனினும் அழைத்து வந்தவர்களின் எண்ணம் எனக்கு இந்தச் சாலையிலேயே புரிந்துவிட்டது.

இந்த வெறுமையை இயற்கை தந்தது என்றே எந்தப் பயணியும் முதலில் எடுத்துக்கொள்வான். வடக்கே இவ்வளவு தொலைவில், இவ்வளவு காற்றில், மரம் எப்படி வளரும் என்று தோன்றும். உண்மை வேறு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து குடியேறிகள் வந்தபோது இந்தத் தீவின் நிலப்பரப்பில் குறைந்தது கால்பங்கு பூர்ச்ச மரக் காடாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலைக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் அக்காலத்தில் காடு அடர்ந்திருந்தது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். வந்தவர்கள் வீட்டுக்கும் விறகுக்கும், இரும்பு உருக்கும் கரிக்கும் மரங்களை வெட்டினார்கள். மீண்டும் துளிர்த்தவற்றை ஆடுகள் மேய்ந்தன. எரிமலைச் சாம்பலால் ஆன இலேசான மண் வேரின் பிடி தளர்ந்தவுடன் காற்றோடு போய்விட்டது. இன்று காடும் புதர்க்காடும் சேர்ந்தே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். ஆக, நான் சன்னல் வழியே கண்ட திறந்த வெளியின் ஒரு பகுதி எரிமலையின் வேலை; மறுபகுதி ஆயிரம் ஆண்டுக் கால மனித உழைப்பின் விளைவு. இரண்டையும் பிரித்தறிய வந்திறங்கிய அன்றைக்கு எவராலும் முடியாது.

ஜூன் மாதத்தில் வருவோருக்குக் கிடைக்கும் ஊதா நிறப் பூக்களும் இந்தக் கதையைச் சேர்ந்தவையே. நகரை நெருங்க நெருங்கச் சாலையோரச் சரிவுகளெல்லாம் லூப்பின் செடிகள் பூத்துக் கிடந்தன. பேருந்தில் இருந்தவர்கள் அனைவரும் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இந்த மண்ணின் செடியன்று. அரிப்புக்கு ஆளான நிலத்தில் மண்ணைப் பிடித்து வைக்கவும் நைட்ரஜனைச் சேர்க்கவும் 1945இல் அலாஸ்காவிலிருந்து விதை கொண்டுவந்து பரப்பினார்கள். வேலையை அது நன்றாகவே செய்தது. அதோடு நிற்காமல், பாசியும் சிறு புதர்களும் வாழும் இடங்களுக்குள்ளும் புகுந்து அவற்றை மூடத் தொடங்கிவிட்டது. இதனால் நாட்டு மக்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் தங்கிய விடுதியை நடத்திய பெண்மணி, படம் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டுவிட்டு, அதைப் பிடுங்குவதற்கும் ஆட்கள் வந்தால் நல்லது என்று சிரிக்காமல் சொன்னார்.

நகருக்குச் சற்று முன்பாக, ஸ்ட்ராம்ஸ்விக் என்னும் இடத்தில் கடலோரமாகச் சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட உயரமான கோபுரக் கிடங்குகள் தெரிந்தன. 1969இல் தொடங்கப்பட்ட அலுமினிய ஆலை அது. அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட் ஐஸ்லாந்தில் துளியும் கிடையாது. அதிலிருந்து பிரித்த அலுமினாவைக் கப்பலில் கொண்டுவந்து, ஆறுகளாலும் நிலவெப்பத்தாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு உலோகமாக்கி, மீண்டும் கப்பலில் அனுப்புகிறார்கள். கம்பி வழியே கடல் கடத்த முடியாத மின்சாரத்தை உலோகமாக்கி விற்கிறார்கள் என்பதே இதன் பொருள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் செலவாகிறது. அந்த ஆலை நிற்பது 1151ஆம் ஆண்டு வழிந்தோடிய எரிமலைக் குழம்பின் ஓரத்தில். ஏறத்தாழ 800 ஆண்டுகள் அமைதியாக இருந்த, கெஃப்ளவிக் அமைந்துள்ள இந்தத் தீபகற்பம் 2021 மார்ச்சில் மீண்டும் விழித்தது. 2023 நவம்பரில் தெற்குக் கரையிலுள்ள கிரின்டவிக் என்ற மீனவ ஊர் முழுவதையும் ஒரே இரவில் காலி செய்தார்கள். நான் சென்ற நாட்களில் வெடிப்பு ஏதுமில்லை. நான் திரும்பிய பின் ஜூலை 16ஆம் தேதி அதே பகுதியில் நிலம் மீண்டும் பிளந்தது.

இனி இரவைப் பற்றி. ரெய்க்யவிக் 64 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் நடுவில் அங்கே இருட்டுவதில்லை என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் படித்தறிவது வேறு, இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு முதியவர் தன் வீட்டு வேலிக்கு நிதானமாக வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பதைத் தெருவில் நின்று பார்ப்பது வேறு. சூரியன் அஸ்தமிப்பது நள்ளிரவைத் தாண்டிச் சில நிமிடங்களில். மூன்று மணிக்குள் மீண்டும் உதயம். இடையில் உள்ள நேரத்திலும் வானம் வெளிறிய நீலத்துக்குக் கீழே இறங்குவதில்லை, தெருவில் நின்றே செய்தித்தாள் படிக்கலாம். அஸ்தமனமும் உதயமும் ஒரே தேதிக்குள், அதுவும் அஸ்தமனம் முந்தியும் உதயம் பிந்தியும் நிகழ்வதை என் கணக்கறிவு ஏற்றுக்கொள்ளச் சற்றுத் தயங்கியது.

இந்த விநோதத்தில் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐஸ்லாந்து இருக்கும் தீர்க்கரேகைப்படி அதன் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மணி பின்தங்கியிருக்க வேண்டும். 1968 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தையே கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். விளைவாக, ரெய்க்யவிக்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றரை மணியளவில். கோடையில் இதனால் எவருக்கும் குறையில்லை. டிசம்பரில் பதினொன்றரை மணியளவில்தான் சூரியன் எழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் காலையில் பல மணி நேரம் இருட்டிலேயே கழிக்கிறார்கள். கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றம் வரை சென்றும் நேரம் மாறவில்லை. மாலை வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அந்த முதியவரின் வேலியை நானும் பார்த்தேனே.

உறக்கம் என்னவோ வரவில்லை. விடுதி அறையின் தடித்த திரையைத் தாண்டி விளிம்பில் கசிந்த வெளிச்சமே போதுமானதாக இருந்தது. உடல் களைத்திருந்தும், நாள் முடிந்துவிட்டது என்று அதற்கு எதுவும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கினேன். ஏரிக்கரையில் வாத்துகளும் ஆர்க்டிக் ஆலாக்களும் பகலைப் போலவே சுறுசுறுப்பாக இருந்தன. அண்டார்க்டிகாவுக்கும் ஆர்க்டிக் பகுதிக்குமாக ஆண்டுதோறும் பறந்து, உலகில் வேறெந்த உயிரினத்தையும்விட அதிக வெளிச்சத்தைக் காணும் அந்தச் சிறு பறவை, தன் கூட்டுக்கு அருகே வரும் மனிதனின் உச்சந்தலையைக் குறிவைத்துக் கொத்தும். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தால் தப்பலாம், ஏனெனில் அது உடலின் உயரமான இடத்தையே தாக்கும். இதை அறிந்தவர்கள் குச்சி ஒன்றை உயர்த்திப் பிடித்துச் செல்கிறார்கள்.

அந்த நடையில் நகரத்தைப் பற்றி ஒன்று உறைத்தது. குளிர்நாட்டு நகரம், ஒவ்வொரு வீட்டிலும் கதகதப்பு இருக்கிறது, ஆனால் ஒரு கூரையிலும் புகை இல்லை. நெளித்தகடு போர்த்திய சிவப்பு, பச்சை, நீல வீடுகளின் மேல் காற்று துடைத்தெடுத்ததுபோல் இருந்தது. அதற்கு ஈடாக, விடுதியில் வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் அழுகிய முட்டையின் வாடை மெல்ல எழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ரெய்க்யவிக்கின் வீடுகளைச் சூடாக்குவது நிலத்தடி வெப்பம். 1930இல், ஊர்ப்பெண்கள் காலங்காலமாகத் துணி துவைத்து வந்த வெந்நீர் ஊற்றுகளுக்கருகே துளையிட்டுக் கிடைத்த நீரைக் குழாய் வழியே ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில பத்து வீடுகளுக்கும் கொண்டுசென்றார்கள். அதுவரை நிலக்கரிப் புகை மண்டிக் கிடந்த நகரம் அது. பழைய படங்களில் அந்தக் கரும்போர்வையைத் தெளிவாகக் காணலாம். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது நாடு முழுவதும் இந்த முறைக்கு மாறுவதில் வேகம் பிடித்தது. இன்று பத்தில் ஒன்பது வீடுகள் நிலவெப்பத்தால் கதகதப்படைகின்றன. நெஸ்யாவெல்லிர் நிலவெப்ப நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாயில் வரும் நீர் வழியில் வெகு சொற்பமாகவே ஆறுகிறது.

வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதை ஏன் நீக்கிவிடக் கூடாது என்று தோன்றும். நீரில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடுவதால் இரும்புக் குழாய்கள் துருப்பிடிப்பதில்லை. இதற்காகவே மின்நிலையங்களில் சூடாக்கிய நன்னீரில் அதைச் சிறிதளவு வேண்டுமென்றே கலக்கிறார்கள். குளிர்நீருக்கு இந்த வாடை கிடையாது. அது நகருக்கு வெளியே எரிமலைப் பாறைகளின் ஊடே வடிந்து வருவது. குளோரின் சேர்க்காமலே குழாயிலிருந்து குடிக்கலாம். வெந்நீர் குளிர்நீர் இரண்டும் ஒரே குழாய்முனையில் வருவதால், குடிப்பதற்கு முன் சிறிது நேரம் குளிர்நீரை ஓடவிட வேண்டும். வாடை எத்தனை நாளில் மறையும் என்று விடுதிக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். எந்த வாடை என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் அதை நான் பார்க்கவே இல்லை. பேருந்து, ரொட்டிக் கடை, கட்டணக் கழிப்பறை என எங்கும் அட்டையை ஒற்றி எடுத்தால் போதுமானதாக இருந்தது. அந்நாட்டுக் க்ரோனா எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கடையில் சில்லறை மாற்றித் தரும்படி கேட்க வேண்டியதாயிற்று. கல்லாவில் இருந்த இளைஞர் இழுப்பறையைத் திறக்கச் சற்றே சிரமப்பட்டார். நாணயங்கள் அருமையானவை. ஒரு க்ரோனாவில் காட் மீன், ஐந்தில் ஓங்கில்கள் (டால்பின்கள்), பத்தில் கேப்லின் மீன்கள், ஐம்பதில் நண்டு, நூறில் லம்ப் மீன். ஆட்சியாளர் முகம் எதுவும் நாணயத்தில் இல்லை. நாட்டைக் காத்தது யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்து விழுந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, மீன்மேல் வைத்த அந்த நம்பிக்கை கூடுதல் அர்த்தம் தரக்கூடும்.

குடும்பப் பெயரும் அங்கே பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரோடு, சில வேளைகளில் தாயின் பெயரோடு, மகன் அல்லது மகள் என்று சேர்த்துக்கொள்வதே இரண்டாம் பெயர். ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் மகளுக்கும் இரண்டாம் பெயர் வெவ்வேறாக இருக்கும். ஆகவே தொலைபேசிக் கையேட்டை அச்சிட்ட காலத்தில் அதை முதற்பெயரின் அகரவரிசையிலேயே அடுக்கினார்கள். ஒரே பெயர் பலருக்கு இருந்தால் வேறுபடுத்த உதவும் வகையில் தொழிலையும் குறித்தார்கள். குடியரசுத் தலைவரையும் முதற்பெயரால்தான் அழைப்பார்கள். 1980இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, தேர்தல் வழியே குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்த உலகின் முதல் பெண்மணி என்ற பெருமையைப் பெற்ற விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் அந்நாட்டவர்க்கு வெறும் விக்தீஸ்தான். நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகையில் இது சாத்தியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எண்ணிக்கை குறைந்த எத்தனையோ சமூகங்கள் பட்டங்களைக் கைவிடாமல் வைத்திருப்பதையும் நாம் அறிவோம்.

இன்னும் சில இல்லாமைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நாயைக் காண்பது அரிது. 1924 முதல் 1984 வரை ரெய்க்யவிக்கில் நாய் வளர்ப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. அதன் பயனாகவோ என்னவோ பூனைகள் தெருக்களின் உரிமையாளர்களைப் போல நடமாடுகின்றன. நாட்டில் தொடர்வண்டி கிடையாது. ஆனாலும் துறைமுகத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சின் நிற்கிறது: 1913 முதல் 1917 வரை துறைமுகம் கட்டியபோது கல் சுமந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று. அதற்குப் பின் பயணிகளுக்கென்று இருப்புப்பாதை போடவே இல்லை. கொசுவும் இல்லாத நாடு என்று விடுதியில் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமை நான் திரும்பிய சில மாதங்களில், 2025 அக்டோபரில், ரெய்க்யவிக்குக்கு வடக்கே ஒருவர் தன் தோட்டத்தில் மூன்று கொசுக்களைப் பிடித்ததோடு முடிவுக்கு வந்தது.

சிற்றுண்டிச்சாலைகளின் வெளியே தள்ளுவண்டிகளில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்க, பெற்றோர் உள்ளே அமர்ந்திருந்ததையும் கண்டேன். பயணிகள் இதைக் கண்டு உருகி, இதுவே நம்பிக்கையால் ஆன சமூகம் என்று எழுதிவிடுவார்கள். அவ்வகை எழுத்தை நான் சற்று ஐயத்தோடுதான் படிப்பது வழக்கம். அங்குள்ளவர்கள் தரும் விளக்கம் மிகச் சாதாரணமானது: வெளிக்காற்றில் குழந்தை நன்றாக உறங்கும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தாய் ஒவ்வொரு சில நொடிக்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

எனக்கு மிகுந்த தயக்கத்தை உண்டாக்கிய இல்லாமை நீச்சல்குளத்தில் நேர்ந்தது. ரெய்க்யவிக்கின் பழைய குளமான சுந்தஹோல்லின் 1937இல் திறக்கப்பட்டது. நகரின் எந்தத் தெருவிலிருந்தும் தெரியும் ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தை வடிவமைத்த குத்யோன் சாமுவெல்சனே இதையும் வடிவமைத்தார். 74.5 மீட்டர் உயரமுள்ள அந்தத் தேவாலயத்தைக் கட்டி முடிக்க 1945 முதல் 1986 வரை ஆயிற்று. 1950இல் மறைந்த அவர் அதைக் காணவில்லை. குளமோ அவர் கண்முன்னே நிறைந்து வழிந்தது. இங்கே நீரில் இறங்குவதற்கு முன் பொதுக் குளியலறையில் ஆடை ஏதுமின்றிச் சோப்பு இட்டுக் குளித்தாக வேண்டும். தலை, அக்குள், இடுப்பின் கீழ்ப்பகுதி, பாதம் ஆகியவற்றைச் செந்நிறத்தில் குறித்த மனித உருவப் படம் சுவரில் தொங்குகிறது. விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்குப் பணியாளர் ஒருவரும் நிற்கிறார். குளத்துநீரில் குளோரினை மிகக் குறைவாகச் சேர்ப்பதற்கு இந்த ஒழுங்கே அடிப்படை. நீச்சலுடையோடு குளிக்க முயன்ற ஒரு பயணியை அவர் கனிவாகவும் உறுதியாகவும் திருப்பி அனுப்பியதைக் கண்ட பிறகு, எனக்கு விவாதம் செய்யும் எண்ணம் எழவில்லை. கூச்சம் நான் எண்ணியதைவிட விரைவில் போயிற்று. சுற்றியிருந்த ஒருவரும் எவரையும் பார்க்கவில்லை. சிறுவர்கள் முதல் எண்பது வயதினர் வரை, மனித உடல் காலத்தால் என்னென்ன ஆகிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் கண்டு வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றிய கவலை ஒருவேளை குறைவாக இருக்கலாம் என்று பட்டது.

வெளியே 38 பாகையிலிருந்து 40க்கும் மேல் வெப்பம் வெவ்வேறாக உள்ள சூட்டுத் தொட்டிகளில் கழுத்தளவு நீரில் மனிதர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் நீச்சல் கட்டாயப் பாடம். மீன்பிடித் தொழிலில் எண்ணற்றோரைக் கடலுக்குப் பறிகொடுத்த நாட்டுக்கு அது அவசியமும்கூட. நீச்சல் தெரிந்தும் பலர் நீந்துவதில்லை என்பதையும் கவனித்தேன். அவர்கள் வருவது பேச்சுக்காக. எவர் என்ன தொழில் செய்பவர் என்று அங்கே உடையைக் கொண்டு அறிய வழியில்லை.

என்னருகே அமர்ந்திருந்த முதியவர், நான் தரையிறங்கிய கெஃப்ளவிக்கில் தன் மகள் வசிப்பதாகச் சொன்னார். 2024 பிப்ரவரி 8ஆம் தேதி எரிமலைக் குழம்பு வெந்நீர்க் குழாயின் மேல் வழிந்து அதை அறுத்துவிட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி உறைகுளிரில் வெந்நீரின்றி நின்றது. மின்சார அடுப்புகளையும் சூடேற்றிகளையும் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் மின்கம்பிகள் தாங்காது என்பதால், வீட்டுக்கு ஒரு சிறு சூடேற்றிக்கு மேல் வேண்டாம் என்று அறிவித்தார்கள். மகளின் குடும்பம் சமையலறையில் ஒன்றாகப் படுத்துக்கொண்டதாம். குழாயைத் திறந்தால் எப்போதும் வருவது வராமல் போன அன்றைக்குத்தான், கீழே இருப்பது தங்களுக்கு வேலைசெய்யும் அடுப்பு மட்டுமன்று என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்றார் அவர். சொல்லிவிட்டு அதைவிடச் சூடான அடுத்த தொட்டிக்கு மாறினார். அந்தச் சூடு எனக்குத் தாளவில்லை, இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

ஜூன் 17 அந்நாட்டின் தேசிய நாள். டென்மார்க்கிலிருந்து விலகி 1944இல் குடியரசாக அறிவித்துக்கொண்ட அந்த நாளை, விடுதலைக்குக் குரல்கொடுத்த யோன் சிகுர்த்சனின் பிறந்த நாளான ஜூன் 17இல் அமையும்படி தேர்ந்தெடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னால் அவருடைய சிலை நிற்கும் அவ்ஸ்டுர்வோல்லுர் சதுக்கத்தில் நானும் கூட்டத்தோடு நின்றேன். பிரதமர் பேசினார், தேசிய உடையணிந்த பெண்மணி ஒருவர், நாட்டையே உருவகப்படுத்தும் மலைமகளாக வந்து கவிதை வாசித்தார். அணிவகுப்பு வந்தது. கொடிகளை ஏந்தி முன்னால் நடந்தவர்கள் சாரணர்கள். பின்னால் ஊதுகுழல் வாத்தியக் குழு. அதன் பின்னால் பலூன்களோடு பிள்ளைகள். படைவீரர்கள் இல்லை, ஏனெனில் ஐஸ்லாந்துக்குப் படை இல்லை. 1949இல் நேட்டோ கூட்டணியைத் தோற்றுவித்த நாடுகளில் ஒன்றாக இருந்தும் தனக்கென்று ஒரு படையை அது வைத்துக்கொள்ளவில்லை. கெஃப்ளவிக்கில் இருந்த அமெரிக்கப் படையும் 2006இல் வெளியேறிவிட்டது.

இதை வைத்து அமைதிப் பூங்கா என்று எழுதிவிட வேண்டாம். அந்தக் கூட்டணியில் சேரும் முடிவை எதிர்த்து 1949 மார்ச் 30 அன்று மக்கள் திரண்டு கல்லெறிந்ததும், காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியதும் இதே சதுக்கத்தில்தான். 2009 சனவரியில் வங்கிகளின் வீழ்ச்சிக்குப் பொறுப்பேற்கச் சொல்லி மக்கள் சட்டிபானைகளைத் தட்டி அரசையே கவிழ்த்ததும் இங்கேதான். ரோந்து செல்லும் காவலர்கள் வழக்கமாகத் துப்பாக்கி அணிவதில்லை. 2017 ஜூன் மாத விழாக்களில் ஆயுதம் ஏந்திய சிறப்புப் பிரிவினர் கூட்டத்துக்கு நடுவே நின்றபோது, அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள், யார் முடிவு செய்தது என்று நாடே கேட்டது. நான் சென்ற ஆண்டில், நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை, சதுக்கத்தின் மூலையில் இருந்த காவலர்கள் இருவரும் கூட்டத்தில் பிரிந்துபோன ஒரு சிறுமிக்கு அவளுடைய தாயைத் தேடிக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவர்களுடைய இடுப்பில் பேசும் கருவியும் கைவிலங்கும் தெரிந்தன, வேறெதுவும் தெரியவில்லை.